வெல்கோ படுத்திருந்த துணி

கவார்னா
ஆகஸ்ட் 9, 2000

ராதோய்,

நான் போனை எடுப்பதில்லை என்று ப்லோவ்திவ் முழுக்கச் சொல்லிப் புலம்புகிறாயாம். எடுக்கமாட்டேன்தான். நாற்பதாம் நாள் திதிச் சாப்பாட்டில், அத்தனை பேர் நடுவில், "அண்ணி, அதை கேட்ல இருந்து இறக்கிடுங்க"ன்னு நீ சொன்னபோதே உன் குரலைக் கேட்கப் பிடிக்காமல் போய்விட்டது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணன் மறைந்துகொண்டிருக்கிறார்.

உன் நீலத் துணியைத்தான் சொல்கிறேன். போன வருஷம் கிரகணத்தன்று நம் முற்றத்தில் அவர் படுத்து எழுந்ததில் அவர் உருவம் விழுந்த துணி. பிப்ரவரியில் படகிலேயே அவருக்கு நெஞ்சு நின்றபோது, வாசலில் இரங்கல் தாள் ஒட்ட ஒரு படம்கூட வீட்டில் கிடைக்கவில்லை. உனக்குத் தெரியாததா? இத்தனை வருஷத்தில் ஒரு போட்டோவுக்காவது ஒழுங்காக நின்றிருக்கிறாரா உன் அண்ணன்? ஒன்றில் தலை திரும்பியிருக்கும், இல்லாவிட்டால் ஆளே பாதி வெளியே போயிருப்பார். அடையாள அட்டையில் ஆடு திருடிப் பிடிபட்டவர்போல இருப்பார். அதை எப்படித் தெருவில் ஒட்டுவது? அதனால் துணியையே கேட்டில் ஆணியடித்து மாட்டினேன். மழைக்குத் தக்காளிப் பந்தல் பிளாஸ்டிக்கை மேலே போர்த்தினேன்.

தெருவே நின்று பார்த்தது. அந்தத் தோள், அந்தத் தொப்பை, விறைத்துக்கொண்டு நிற்கும் காது. வலை இழுக்கும் பையன்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நான் காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது "போயிட்டு வரேன்" என்பேன். அவர் அங்கே இருந்தார்.

இப்போது அரை வருஷத் திதிக்கு வந்த பக்கத்து வீட்டு கினா என்ன கேட்டாள் தெரியுமா? "என்ன தோப்ரினா, கேட்ல போர்வை காயப் போட்டிருக்க?"

நீலம் அழுக்குத் தண்ணீர் நிறமாகிவிட்டது. கண்ணைச் சுருக்கினால்தான் ஆள் தெரிகிறார். நீ என்ன மருந்து பூசிக் கொடுத்தாய்? ஒரு வருஷத்துக்கு நிற்காத சாயத்தை உன் சொந்த அண்ணனுக்கா போட்டாய்?

தோப்ரினா


ப்லோவ்திவ்
ஆகஸ்ட் 14, 2000

அன்புள்ள அண்ணி,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் கடையை அரை நாள் மூடிவிட்டேன். மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்கள் வெளியே நின்று திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். துணியை இன்றைக்கே கேட்டிலிருந்து கழற்றுங்கள். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு நிலவறையில் தொங்கவிடுங்கள். இருட்டும் வேண்டும், காற்றும் வேண்டும். பெட்டியில் மடித்து வைக்காதீர்கள். நீலம் திரும்பி வரலாம். வரலாம் என்றுதான் சொல்கிறேன், அண்ணி. இவ்வளவு பெரிய துணியில், இவ்வளவு வெளுத்தபிறகு நான் செய்து பார்த்ததில்லை.

அது சாயம் இல்லை. அன்றைக்கு உங்கள் சமையலறை ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டு இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் துணியில் பூசினேனே, அதில் வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாக மாறும். வெயில் படாத இடம் கழுவும்போது வெள்ளையாகத் தங்கும். வெயிலே போட்ட படம் அது. ஆனால் மாதக்கணக்கில் அதே வெயிலில் நின்றால், கொடுத்ததை வெயில் திரும்ப வாங்கிக்கொள்ளும். இதைத்தான் நாற்பதாம் நாள் உங்களிடம் சொல்ல வந்தேன். சொன்ன இடமும் நேரமும் சரியில்லை.

அந்தக் கிரகண நாளை நான் இன்னும் தாண்டிப் போகவில்லை. என் எண்ணமெல்லாம் முசுக்கட்டை மரத்தடியில் விரித்த முதல் துணி மேல்தான் இருந்தது. இலைச் சந்து வழியாக விழும் வெயில் பொட்டுகள் கிரகணத்தில் பிறைபிறையாக மாறும், அதைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். மிச்சமிருந்த துணி சும்மா முற்றத்தில் கிடந்தது. வெல்கோ அண்ணன் துறைமுகத்திலிருந்து மீன் நாற்றத்தோடு வந்தார்.

"என்னடா, பெட்ஷீட்ட வெயில்ல போட்டு வெளுக்கிறியா?"

"மிதிக்காதண்ணே, மருந்து பூசியிருக்கு."

"மிதிச்சாதானே தப்பு? படுத்தா?"

ரெண்டே நிமிஷம் என்றுதான் மல்லாந்தார். பூனை ரிஷ்கோவும் வந்து அவர் காலடியில் சுருண்டது. பட்டறையிலிருந்து கொண்டுவந்த வெல்டிங் கண்ணாடியை வலது கையில் தூக்கிக் கண்ணுக்குப் பிடித்தார். "கடிச்சிருக்குடா, ஓரத்துல கடிச்சிருக்கு," என்றார். அதன் பிறகு எழுந்திருக்க மறந்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேல். சாப்பாட்டு மேஜையில்கூட நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருக்கிற மனிதர்.

வெயில் மெலிந்துகொண்டே வந்தது. முற்றத்துக் கற்களின் நிழல் கத்தியால் கீறியதுபோல ஆனது. கோழிகள் வரிசையாகக் கூண்டுக்குள் போயின. கடல்பக்கமிருந்து இருட்டு ஓடிவந்ததை நான் கண்ணால் பார்த்தேன், அண்ணி. பகல் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டது. மேலே கறுப்பு வட்டம், அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ விரிந்து நின்றது. ஊரில் ஒருவரும் கத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஓரத்தில் ஒரு துளி வெளிச்சம் வெடித்தது. நான் மரத்தடியில் என் துணியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

என் பிறைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டு வெறும் கறையாகிவிட்டன. திராட்சை மிதிக்கும் தொட்டியில் மற்றத் துணியைப் போட்டபோதுதான் அண்ணன் வெளியே வந்தார். மஞ்சள் நீர் ஓடி, நீலம் இருண்டுகொண்டே வந்து, நடுவில் வெள்ளையாக ஒரு ஆள். அண்ணன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நானாடா இது?"

"நீதான்."

"இவ்ளோ இடத்த அடைச்சுக்கிட்டா இருக்கேன் நான்?"

சிரிக்கத்தான் சொன்னார். அவர் குரல் சிரிக்கவில்லை.

ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் இடது கையில், படகுச் சக்கரம் அறுத்துக்கொண்டுபோன மோதிர விரலின் இடம் அடர் நீலமாக வந்திருக்க வேண்டும். அங்கே வெளிறலாக ஒரு தீற்றல் இருந்தது. நான் சரியாகப் பூசவில்லை போலிருக்கிறது.

துணியை இறக்குங்கள், அண்ணி.

ராதோய்


கவார்னா
ஆகஸ்ட் 23, 2000

ராதோய்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கிரகணத்தைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம்.

பிப்ரவரியில் ஒருமுறை அவரைக் குழியில் இறக்கினேன். மண் உறைந்திருந்தது, கடப்பாறை போட்டுத் தோண்டினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது நானே என் கையால் இன்னொரு தடவை நிலவறையில், முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில் இறக்க வேண்டுமாம். வெயிலில் பிறந்தவரை இருட்டில் போட்டால் வருவாராம். இதைக் குழந்தைகூட நம்பாது.

உனக்கு அந்தத் துணி மேல் முதலிலிருந்தே ஒரு கண். கழுவின ஈரம் காயும்முன்னே, "நகரசபை மண்டபத்துல கண்காட்சி வெக்கிறேன், இதக் குடுண்ணே"ன்னு கேட்டவன்தானே நீ? அவர் என்ன சொன்னார்? "என் பொண்டாட்டிகிட்ட கேளு"ன்னார். நான் முடியாது என்றேன். அதற்குப் பிறகு நாற்பதாம் நாள் வந்து கேட்டிலிருந்து இறக்கச் சொன்னால் நான் என்ன நினைப்பேன்? இறக்கினால் மடிப்பாய், மடித்தால் பையில் வைப்பாய், பை ப்லோவ்திவ் பஸ்ஸில் ஏறும்.

நானே சரி செய்துகொள்கிறேன் என்று பூனை படுத்திருந்த மூலையை வாஷிங் சோடா கரைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்குள் படிந்த அழுக்குதான் என்று நினைத்தேன். இருந்த கொஞ்சநஞ்ச நீலமும் போய்த் துருப்பிடித்த மாதிரி மஞ்சளாகிவிட்டது. நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோப்ரினா


ப்லோவ்திவ்
ஆகஸ்ட் 28, 2000

அண்ணி,

சோடா வேண்டாம். சோப்பு வேண்டாம். சாம்பல் தண்ணீர் வேண்டாம். கையை எடுத்துவிடுங்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். வெயில் எடுத்த நீலம் ஒளிந்துதான் கிடக்கும். சோடா எடுத்தால் அது செத்தே போகும். ரிஷ்கோவின் மூலை இனி வராது. மற்ற இடத்தில் ஒரு துளிகூடப் படவில்லை என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கண்காட்சிக்கு ஆசைப்பட்டேன், உண்மைதான். இத்தனை வருஷத்தில் நான் வெயிலில் போட்ட எதுவும் அந்தத் துணிக்குப் பக்கத்தில் நிற்காது. ஊரே வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அண்ணன் உயிரோடு இருந்தபோது நினைத்தது அது. இப்போது எனக்கும் அவர் வேண்டும், அவ்வளவுதான். என்னிடமும் அவர் படம் எதுவும் இல்லை.

நீங்கள் என்னை நம்ப வேண்டாம். இதோடு ஒரு சிறு காகிதம் வைத்திருக்கிறேன். அதில் உங்கள் முற்றத்து முசுக்கட்டை இலையை வைத்து வெயிலில் போட்ட படம் இருக்கிறது. அதே கிரகண வாரத்தில் போட்டது. என் பால்கனியில் இந்தக் கோடை முழுக்க ஒட்டி வைத்து வேண்டுமென்றே வெளுக்கவிட்டேன். எனக்கே சந்தேகம் வந்து, தெரிந்துகொள்ளத்தான் செய்தேன். இப்போது அதில் இலை இருப்பது தெரியாது. வெறும் மங்கல் தாள். கினாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிலவறையில் ஒரு ஆணியில் குத்திவிட்டுக் கதவைச் சாத்துங்கள். காற்றுக்குழாய் திறந்திருக்கட்டும். அறுவடை முடியும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இலை வராவிட்டால் துணி கேட்டிலேயே இருக்கட்டும். நான் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டேன்.

ராதோய்


கவார்னா
அக்டோபர் 2, 2000

ராதோய்,

மிளகாய் சுட்டுப் புட்டியில் அடைத்து முடித்தேன். புட்டிகளை வைக்க நிலவறைக்குப் போகத்தானே வேண்டும். அதனால்தான் போனேன், உன் தாளைப் பார்க்க இல்லை.

பல்பைப் போடாமல் வாசல் வெளிச்சத்திலேயே பார்த்தேன். ஆணியில் இலை தொங்கியது.

நான் சொல்வது புரிகிறதா? தாள் இல்லை, இலை. காம்பு, நரம்பு, ஓரத்தில் புழு கடித்த ஓட்டை எல்லாம் தெரிந்தது. சுற்றிலும் நீலம், நம் கடல் செப்டம்பரில் இருக்குமே அந்த நீலம். யாரும் தொடவில்லை. யாரும் ஒன்றும் பூசவில்லை. அங்கே நானும் பீப்பாய்களும்தான். புட்டிகளைத் தரையில் வைத்துவிட்டு உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கினாவைக் கூட்டிவந்து காட்டினேன். "நீ வேற எடுத்து மாத்தி வெச்சிட்ட," என்றாள். "அவன் குடுத்ததே ஒண்ணுதாண்டி," என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு மேலே ஓடிவிட்டாள்.

அன்றைக்கே உன் அண்ணனின் இடுக்கியை எடுத்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினேன். தெருவில் போனவர்கள் "துக்கம் முடிஞ்சுதா தோப்ரினா?" என்று கேட்டார்கள். நான் அடுத்த ஆணியைப் பிடுங்கினேன். துணியில் அப்போது ஆளே இல்லை, ராதோய். வெறும் துணி, மூலையில் மஞ்சள் கறை. சோடா மற்ற இடத்தில் படவில்லை, நீ தூங்கலாம்.

அவர் வலை உலர்த்துகிற கம்பியை நிலவறைச் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டித் தொங்கவிட்டேன். மடிக்கவில்லை. கதவைச் சாத்தும்போது என்னை அறியாமல், "இருட்டாத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க,"ன்னு சொன்னேன். சொல்லிவிட்டு படியிலேயே அழுதேன். இதை யாரிடமும் சொல்லாதே.

இன்னொன்று. இடது கையில் வெளிறலாக ஒரு தீற்றல் என்று எழுதியிருந்தாய். நீ சரியாகத்தான் பூசியிருந்தாய். அது என்ன என்று எனக்குத் தெரியும். அது திரும்பி வந்தால் சொல்கிறேன். வராவிட்டால் சொல்லமாட்டேன், நீயும் கேட்கக் கூடாது.

தோப்ரினா


ப்லோவ்திவ்
நவம்பர் 19, 2000

அன்புள்ள அண்ணி,

பல தடவை எழுதிக் கிழித்தேன். நல்லதை மட்டும் எழுதலாம் என்று பார்த்தால் பொய்யாகிறது.

அண்ணனின் உருவம் வரும் என்று இப்போது நம்புகிறேன். இலை வந்தால் அவரும் வருவார். ஆனால் அந்தத் தீற்றல்போன்ற மெல்லிய இடங்கள்தான் முதலில் போகும், கடைசியில் வரும். சில சமயம் வராமலே போய்விடும். அடர்ந்த நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருப்பது எப்போதும் அப்படித்தான். நீங்கள் அதற்காகவே காத்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் தெரிந்தது. அது என்ன என்று யோசித்து யோசித்து நான் கண்ணாடிகளுக்குத் தப்பான பவர் போடுகிறேன். கேட்கமாட்டேன்.

அடிக்கடி கதவைத் திறக்காதீர்கள். புட்டி எடுக்க வேண்டுமென்றால் மொத்தமாக எடுத்து மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்த என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டதற்காக இல்லை. சும்மா, தோன்றியது.

வருஷத் திதிக்கு நான் வரலாமா? பின்வரிசையில் உட்கார்கிறேன். வாயைத் திறக்கமாட்டேன்.

ராதோய்


கவார்னா
பிப்ரவரி 6, 2001

ராதோய்,

இரண்டரை மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? குளிர்காலம் முழுக்க ஊறுகாய் முட்டைக்கோஸ் இல்லாமல் சாப்பிட்டேன், பீப்பாய் கீழே இருக்கிறதே. மகன் வார்னா நகரத்திலிருந்து வந்தபோது, "என்னம்மா, முட்டைக்கோஸ் இல்லாத வீடா இது?" என்று கேட்டான். "அப்பா தூங்குறாரு, கீழ போகாத,"ன்னேன். அவன் என்னை டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தான்.

நேற்றுக் காலை பனி நின்று நல்ல வெயில் வந்தது. திதிக்கு ஒயின் எடுக்க வேண்டும். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. படி இறங்கிக் கதவைத் தள்ளினேன். வாசல் வெளிச்சம் நேராக அவர் மேல் விழுந்தது.

ராதோய், அவர் இருந்தார். முழுசாக. தொட்டியிலிருந்து நீ தூக்கின அன்றைக்கு எப்படி இருந்தாரோ அப்படி. அந்தக் காது, அந்தத் தொப்பை, வெல்டிங் கண்ணாடியோடு தூக்கின வலது கை கலங்கலாக. காலடியில் பூனை மட்டும் சோடா பட்டதால் துரு நிறத்தில் இருக்கிறது. ஒன்று சொல்கிறேன், ரிஷ்கோவுக்கு அதுதானே நிறம்? உன் மருந்தைவிட என் சோடா பூனையை நன்றாகவே போட்டிருக்கிறது. நான் அங்கேயே நின்று சிரித்துவிட்டேன்.

அப்புறம் இடது கையைப் பார்த்தேன். பார்க்கப் பயமாக இருந்தது. கடைசியாகத்தான் பார்த்தேன்.

வந்திருக்கிறது. மெலிசாக, வெளிர் நீலமாக.

அது என் விரல்.

நீ மரத்தடியில் அழுதுகொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். இருட்டானதும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. உன் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தேன். வாய் திறந்து, கண்ணில் தண்ணீர் ஓட, சின்னப் பையன் மாதிரி கிடந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அந்த ஆள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியவில்லை. வானத்தில் நடந்ததைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. பக்கத்தில் மண்டியிட்டு, அவர் கை மேல் கையை வைத்து, விரல் போன இடத்தில் என் விரலை நுழைத்தேன். தெருவில் நடக்கும்போதும் நாங்கள் அப்படித்தான் கை கோப்போம், நீ கவனித்திருக்கமாட்டாய். "பயமா இருக்கா தோப்ரா?" என்றார். "இல்ல," என்றேன். "எனக்கு இருக்கு," என்றார். வெயில் திரும்பி வெகுநேரம் கழித்து, துணியைக் கழுவ வேண்டும் என்று நீ கத்துகிறவரை நான் கையை எடுக்கவில்லை.

பாதி வெயில் பட்ட பிறகு வைத்த விரல், அதனால்தான் பாதி நீலம். நீ அதைப் பூச்சுக் குறை என்று எழுதினாய். அவர் தனியாகப் படுத்திருக்கிற படம் என்றுதான் நீயும் ஊரும் நினைத்தீர்கள். கண்காட்சிக்குக் கொடுக்க எனக்கு மனசு வராததும் அதனால்தான். கேட்டில் அவர் வெளுத்தபோது நான் உன்னோடு சண்டை போட்டதும் அதனால்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற வேறு படம் எங்கள் வீட்டில் இல்லை, ராதோய். கல்யாணப் போட்டோவில்கூட அவர் வெளியே பார்க்கிறார்.

இப்போது அதைப் படுக்கையறையில், வெயில் எட்டாத வடக்குச் சுவரில் மாட்டியிருக்கிறேன். மேலே திரை போட்டிருக்கிறேன். மறுபடி வெளுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். முட்டைக்கோஸைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திதி. கோதுமை அவித்து வால்நட் போட்டு வைக்கிறேன். பின்வரிசையில் எதற்கு உட்கார வேண்டும்? என் பக்கத்தில் உட்கார். சாப்பிட்டு எல்லோரும் போனபிறகு திரையை நீக்கிக் காட்டுகிறேன். விரலை நீ கிட்டே வந்து பார்க்கலாம்.

அண்ணி